பையா, பாத்தியா? வன்னி வளவில் மரக்கறியும் பழமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வளவு பரந்தன் முல்லைத்தீவு வீதியோரம் இருக்கிறது. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுப் போட்டு விற்கிறேன். வாங்க வருகிறவர்கள் காசைத் தந்த கையோடு போவதில்லை, கிணற்றடி நிழலில் நின்று ஏதாவது கேட்பார்கள், கேட்பதும் அனேகமாக ஒரே கேள்விகள்தான். தொண்டை வற்றச் சொல்வதை எழுதி வைத்தால் என்ன என்று மகள் கேட்டாள். சரி, எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். "பை" என்று நான் சொல்லும் இடமெல்லாம் சட்டி, வாளி, பரல் (பீப்பாய்) எல்லாம் சேர்த்தி.

1. அக்கா, பையில வைக்கிறது நல்லதோ, நிலத்தில வைக்கிறது நல்லதோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ.

மாரியில் பை, கோடையில் நிலம். ஒரு சொல் கேட்டீர்கள், நாலு சொல்லாகிவிட்டது.

எங்கள் பக்கம் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தைக்குள் கொட்டி முடிந்துவிடும். அந்த நேரம் நிலத்தில் நிற்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் வேர் மூச்சுத் திணறும், பையில் நிற்பதற்கு மிஞ்சிய தண்ணீர் ஓட்டையால் ஓடிவிடும். பிறகு வைகாசிக்குப் பின் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பிடித்தால் கதை தலைகீழ். காற்றும் வெயிலுமாகச் சேர்ந்து பையை நாலு பக்கத்தாலும் உலர்த்தும், நிலத்தில் நிற்கும் செடியோ கீழே ஈரத்தைத் தேடி வேரை இறக்கிக்கொள்ளும். பை நல்லதா பாத்தி நல்லதா என்று கேட்பதை விட, எந்த மாதம், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் விடை தானாக வரும்.

2. எனக்கு அரை ஏக்கர் வளவு சும்மா கிடக்கு. பிறகேன் நான் பையில நடவேணும்? அது கொழும்பில மாடி வீட்டுக்காரர் செய்யிற வேலையெல்லோ?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் வந்தபோது எங்கள் பாத்தி எல்லாம் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வற்றிய பிறகு பார்த்தால், திண்ணையோரம் பழைய வாளிகளில் சும்மா குத்திவிட்ட பத்து மிளகாய்க் கன்று மட்டும் பச்சையாக நின்றது. அதிலிருந்துதான் வருடா வருடம் கொஞ்சம் பைக்கும் ஒதுக்குகிறேன்.

இன்னொரு காரணம் சோம்பல். வளவின் கோடியில் இருக்கும் கறிமிளகாய்க்கு ஒருவரும் பின்னேரம் தண்ணீர் கொண்டு போகமாட்டார்கள், குசினி வாசலில் இருக்கும் பைக்கு அரிசி கழுவிய தண்ணீராவது கிடைக்கும். பச்சைமிளகாய், கீரை, புதினா, வல்லாரை போன்ற அன்றாடம் கிள்ளும் சாமான்களைக் குசினியடியில் வையுங்கள். பூசணி, மரவள்ளி, பயற்றை, முருங்கை, வாழை இவற்றுக்கு அரை ஏக்கர் இருக்கும்போது பையைத் தேடாதீர்கள்.

3. பாத்தி எண்டா மேடாக் கட்டிறதோ, பள்ளமா வெட்டிறதோ? ஒருத்தர் ஒருமாதிரிச் சொல்லினம்.

இருவரும் சரி, மாதம்தான் வேறு. மாரிக்கு ஒரு அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி, இடையில் வாய்க்கால். கோடைக்கு அதே இடத்தைக் கொத்தி, சுற்றிவர வரம்பு கட்டி, நடுவைத் தாழ்த்தி விடவேண்டும், அப்போதுதான் ஊற்றும் வாளித் தண்ணீர் வழிந்து போகாமல் செடியடியில் நிற்கும். கோடையில் மேட்டுப்பாத்தி வைத்து "தண்ணி நிக்குதில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பலகை அடித்துக் கட்டியவர்களும் அதில் அடக்கம்.

அகலம் நாலு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்டவேண்டும், பாத்திக்குள் காலை வைத்து மிதித்தால் நம் செம்மண் காய்ந்ததும் சீமெந்துத் தரை மாதிரி ஆகிவிடும். கோடையில் மேலே வைக்கோல் அல்லது சருகு நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். கறையான் வரும் இடமென்றால் செடியின் தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணல் காணிக்காரர் பள்ளத்தில் போடும் எருவை இரண்டு மடங்காக்கவேண்டும், மணலில் தண்ணீரும் நிற்காது பசளையும் நிற்காது.

4. எதில நடலாம்? வீட்டில மருந்துக் கான் நாலைஞ்சு கிடக்கு.

மருந்துக் கான் கூடாது. பத்துத் தரம் கழுவினாலும் கூடாது. வயலுக்கு அடித்த களைநாசினி, பூச்சிமருந்து பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும், அதில் கீரை வளர்த்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. பிஸ்கட் வாளி, உடைந்த குடம், ஓட்டைத் தண்ணீர்த்தாங்கி, மண்சட்டி, உரப்பை, எது கிடைத்தாலும் சரி, அடியிலும் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டிலும் ஆறேழு ஓட்டை இருக்கவேண்டும். கறுப்பு நிறம் வெயிலில் கொதிக்கும், மேற்குப் பக்கம் படும் வெயிலுக்குப் பழைய கிடுகையோ சாக்கையோ சாத்தி விடுங்கள். வெள்ளை உரப்பை கொதிப்பது குறைவு, ஆனால் ஒன்றிரண்டு வருட வெயிலில் நொறுங்கித் தூளாகும். நொறுங்கத் தொடங்கும்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூளை வளவு முழுக்கப் பொறுக்கவேண்டி வரும்.

அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்புக்கு அந்தளவு தண்ணீர் போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தண்டமும் கட்டவேண்டி வரும்.

5. எந்தக் கன்றுக்கு எவ்வளவு பெரிய பை?

மிளகாய்க்குப் பத்து லீற்றர், தக்காளிக்கும் கத்தரிக்கும் இருபது, வெண்டிக்குப் பதினைந்து. கீரைக்கு அகலம்தான் முக்கியம், ஒரு சாண் ஆழம் போதும். 50 கிலோ உரப்பையின் வாயைப் பாதிக்கு மடித்துவிட்டால் ஒரு கத்தரிக்கு நல்ல வீடு. அதில் மூன்று கத்தரி நட்டு மூன்று பங்கு காய் எதிர்பார்க்காதீர்கள், ஒன்று நட்டவருக்குத்தான் கூட வரும். பையை இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள், நனைந்த பை 40 கிலோவுக்குக் கிட்ட வரும், இடுப்பு உங்களுடையது.

பாகல், புடோல், பயற்றை பையில் வரும், ஆனால் பந்தல் எப்படியும் போடத்தான் வேண்டும். பந்தல் போட இடம் இருந்தால் நிலத்தில் நட என்ன தடை?

6. வளவு மண்ணை அப்பிடியே வெட்டி நிரப்பினா என்ன?

முதல் மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு ஊற்ற ஊற்ற மண் இறுகி, பை ஓரத்தில் வெடிப்பு விட்டு, தண்ணீர் அந்த வெடிப்பால் நேரே கீழே ஓடிவிடும். "நல்லா ஊத்தினனான், கீழாலயும் வந்தது, ஆனாக் கன்று வாடுது" என்பதன் காரணம் இதுதான். நிலத்தில் மண்புழுவும் கறையானும் வேரும் செய்யும் வேலையைப் பையில் செய்ய ஆள் இல்லை, ஆகவே நாங்கள்தான் மண்ணைப் பொலபொலப்பாக்கி நிரப்பவேண்டும்.

நான் கலப்பது: மேல்மண் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரியும் தும்புத்தூளும் சேர்த்து ஒரு பங்கு. நெல் ஆலையில் உமி கிடைக்கும், தீ மூட்டிக் கறுத்ததும் சாம்பலாக விடாமல் தண்ணீர் அடித்து அணைத்தால் உமிக்கரி. தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து எடுங்கள், அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணி போட்டால் சூட்டில் வேர் கருகும், எருவோடு களை விதையும் வரும், மாடு தின்ற புல்லெல்லாம் உங்கள் பையில் முளைக்கும்.

7. அடியில கல்லுப் போட்டாத் தண்ணி வடியுமாமே?

வடியாது. மண் முழுக்க ஊறி நிரம்பினால்தான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும், அதுவரை கல்லுக்கு மேலேதான் நிற்கும். கல்லுப் போட்ட உயரத்துக்கு வேருக்கு இடம் குறைந்ததுதான் மிச்சம். ஓட்டையால் மண் போகாமல் இருக்க ஒரு தும்புத் துண்டு போதும்.

8. ஒருநாளைக்கு எத்தனை தரம் ஊத்தவேணும்?

மணிக்கூட்டைப் பார்த்து ஊற்றாதீர்கள், விரலைப் பார்த்து ஊற்றுங்கள். இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டு ஈரம் இருந்தால் விடுங்கள். மாரியில் கிழமைக்கு ஒருதரமும் தேவைப்படாது. ஆடி ஆவணியில் காய்க்கிற ஒரு தக்காளிச் செடி நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் குடிக்கும், அதைக் காலையும் மாலையும் பிரித்து ஊற்றவேண்டும். முப்பது பை வைத்திருக்கிறவர் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கட்டும், அதுவும் கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கும் மாதத்தில். வைக்கோல் போட்ட தாழ்பாத்தியில் அதே தக்காளி இரண்டு நாளுக்கு ஒரு தரத்தில் சமாளிக்கும். முதல் கேள்வியில் சொன்னதற்கு இதுதான் கணக்கு.

9. எங்கட கிணறு கல்லுத் தண்ணி. கேத்தில் முழுக்க வெள்ளையாப் படியும். பையில நிக்கிற கன்று மஞ்சளாகுது, நிலத்தில நிக்கிறது பச்சையா நிக்குது. என்ன மாயம்?

மாயம் இல்லை, கேத்திலில் நடப்பதுதான் பையிலும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு அங்கேயே தங்கும். நிலத்தில் மாரி மழை அதைக் கழுவிக் கீழே கொண்டு போகும், சின்னப் பையில் நாளுக்கு நாள் சேரும். சேர்ந்தால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாது, அதனால் குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கீழிலை மஞ்சளானால் அது வேறு, அனேகமாகத் தழைச்சத்துக் குறைவு. அதற்குப் பசளை கொடுங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் வழக்கத்தை விட இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றிக் கீழால் ஓட விடுங்கள். மழைக்குப் பையைக் கூரைக்கு அடியில் ஒளிக்காமல் வெளியே விடுங்கள். நாற்றுக்கு மட்டுமாவது கூரைப் பீலியால் வரும் மழைத் தண்ணீரைப் பரலில் பிடித்து, நுளம்பு போகாமல் துணி கட்டி வையுங்கள். இந்த நிலையில் அடுப்புச் சாம்பலைப் பையில் கொட்டுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை, அது சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு.

10. யூரியா ஒரு பிடி போட்டன், விடியப் பாத்தா மிளகாய் கருகிப் போச்சு.

ஒரு பிடி வயலுக்குப் பழகிய கைக்குக் கொஞ்சம், பைக்கு அது பத்துக் கன்றின் பங்கு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நிலத்தில் கூடிப்போனால் பரந்து போகும், பையில் போக இடமில்லை. ஒரு தேக்கரண்டியைப் பத்து லீற்றர் வாளித் தண்ணீரில் கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது கன்றுக்கு ஒரு பேணி, இரண்டு கிழமைக்கு ஒருதரம், அவ்வளவுதான். கருகியதற்கு உடனே செய்யவேண்டியது ஒன்பதாவது பதிலில் சொன்ன கழுவல்.

2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது வயல்காரர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டுப் பாத்திக்கு அந்த வருடமும் பெரிதாகக் குறை வரவில்லை. கிளிசரியாக் குழையும் பூவரசம் குழையும் வேலியிலேயே நிற்கிறது. வெட்டிப் பாத்திக்குள் புதைத்தால் போதும். பைக்கு அந்தக் குழையைத் தண்ணீரில் ஒரு கிழமை ஊறவிட்டு, வடித்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். நாற்றம் தாங்காது, பக்கத்து வீட்டுக்குக் காற்று அடிக்காத நாளாகப் பாருங்கள்.

11. தக்காளியின்ர அடி கறுத்து அமுங்குது. கடையில கல்சியம் மருந்து தந்தவை. அடிக்கவோ?

காசைப் பத்திரமாக வையுங்கள். கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவதுதான், ஆனால் நம் கிணற்றுத் தண்ணீரிலேயே கல்சியம் தாராளம். அது தண்ணீரோடுதான் காய்க்குப் போகும், தண்ணீர் ஒருநாள் வெள்ளம் மறுநாள் வறட்சி என்று வந்தால் வழியில் நின்றுவிடும். சின்னப் பையில் இது கூடுதலாக வருவதும் அதனால்தான். பை பெரிதாகட்டும், மேலே வைக்கோல் போடுங்கள், யூரியாவைக் குறையுங்கள். கறுத்த காய் திருந்தாது, பிடுங்கிப் போட்டால் அடுத்த கொத்து சுகமாக வரும்.

12. கத்தரி பூவும் பிஞ்சுமா நிண்டது, ஒரே நாளில பச்சையாவே வாடிச் செத்திட்டுது. தண்ணியும் குறையேல்லை. ஆரும் கண் வைச்சிட்டினமோ?

கண்ணாக இருந்தால் கழிப்புக் கழித்துவிடலாம், இது அதை விடப் பொல்லாதது. தண்டை அடியோடு வெட்டிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் வெட்டுமுகம் அமிழப் பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால்நூல் மாதிரி இறங்கினால் அது பக்றீரியா வாடல். மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள், அந்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் கொத்தாதீர்கள்.

பாத்தி என்றால் அந்த இடத்தில் குறைந்தது மூன்று வருடம் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம். சோளம், பயற்றை போடுங்கள். இந்த ஒரு விசயத்தில் பைதான் வெல்லும், ஏனென்றால் நோய் வந்த பையோடு கதை முடியும், பக்கத்துப் பைக்குத் தாவாது, ஒரே மண்ணிலிருந்து எல்லாப் பையையும் நிரப்பியிருந்தால் தவிர. வருடா வருடம் வாடுகிற காணிக்காரருக்கு இன்னொரு வழி, சுண்டங்கத்தரிக் கன்றில் கத்தரியை ஒட்டி நடுவது. அதன் வேர் இந்த வாடலைத் தாங்கும். விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் ஒட்டும் முறையைக் காட்டித் தருவார், கை பழக நாலைந்து கன்று சாகும், பரவாயில்லை.

13. பழமரம் பையில காய்க்குமோ? படத்தில மாங்காய் தொங்குது.

படத்தில் தொங்கும். கறுத்தக்கொழும்பானைப் பரலுக்குள் வைத்து ஏழெட்டு மாங்காய் எண்ணுவதற்கு, வளவில் ஒரு குழி வெட்டினால் பேரப்பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். மா, பலா, வாழை, முருங்கை எல்லாம் நிலத்துக்கு. வாழைக்குக் கிணற்றடியை விட நல்ல இடம் இல்லை, அந்தக் கழிவுத் தண்ணீரைக் கீரைக்குத்தான் விடக்கூடாது.

பரலில் மெய்யாகவே நன்றாக வருவது தேசி, மாதுளை, ஒட்டுக் கொய்யா. பெரிய பரலை இரண்டாக வெட்டினால் ஒரு பாதி நூறு லீற்றர் பிடிக்கும், அதில் தேசி வருடக்கணக்காக நிற்கும். தேசிக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. இலை இலேசாகத் துவளும் வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு நிறைய ஊற்றினால் பூக்கும். இதை நிலத்து மரத்தில் செய்ய மழை விடாது, பரலில் உங்கள் கையில் இருக்கிறது. கொய்யாக் கன்று வாங்கும்போது ஒட்டு என்று பார்த்து வாங்குங்கள், விதைக் கன்று பரலில் இலையை மட்டும் காட்டும்.

பப்பாசி இரண்டுங்கெட்டான். வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் செத்துவிடும், பையிலோ சோளகத்தில் சாய்ந்துவிடும். நிலத்தில் இரண்டு அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். வீட்டு விதை என்றால் ஒரு மேட்டில் மூன்று, பூத்த பிறகு ஆண் மரத்தை வெட்டி ஒன்றை விடுங்கள். ரெட் லேடி என்ற கலப்பினக் கன்று என்றால் ஒன்று போதும். ஸ்ரோபெரி கேட்டு வந்த பிள்ளைக்கு, நுவரெலியாவுக்குப் போய் இரண்டு நாள் நின்று சாப்பிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.

14. குரங்கு, மயில், கட்டாக்காலி மாடு. எதில சேதம் குறைவு?

மாட்டுக்கு வேலிதான் மருந்து. பையும் ஒன்று, பாத்தியும் ஒன்று. மயில் நாற்றைக் கொத்திப் பிடுங்கும், முதல் மூன்று கிழமை முள்ளுக் கொப்பு கவிழ்த்து வைத்தால் போதும். பை என்றால் அந்த மூன்று கிழமை வலைக்குள் நகர்த்தி வைக்கலாம். குரங்குக்கு என்னிடம் விடை இல்லை. அது தொடாதது மிளகாய்தான், ஆகவே குரங்கு வரும் கரையில் மிளகாய் நடுகிறேன், நடுவில் மற்றதை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டோரக் காணிக்காரர் வாழையை வீட்டுச் சுவரோடு நடவேண்டாம். யானை வாழைக்கு வரும், வந்த வழியில் சுவரையும் தள்ளும்.

15. காணி திரும்பக் கிடைச்சு இப்பதான் துப்புரவாக்கிறம். கொத்தேக்க இரும்புத் துண்டு தட்டுப்படுது. பயமாக் கிடக்கு.

பயப்படுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் பகிடி இல்லை. கொத்துவதை அந்த இடத்திலேயே நிறுத்தி, வந்த காலடியாலேயே திரும்பி, தொடாமல், எடுத்துப் பார்க்காமல், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணி என்று உறுதியாகத் தெரியும்வரை ஆழக் கொத்தவும் வேண்டாம், குப்பை கூட்டி எரிக்கவும் வேண்டாம், சூட்டிலும் வெடிக்கும். அதுவரை வாசலில், நடந்து பழகிய இடத்தில், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் பை வைத்துக் கறிக்கு எடுங்கள். நான் பையைத் தயங்காமல் சொல்லும் இடம் இது.

16. போன வருசத்துப் பை மண்ணைத் திரும்பப் பாவிக்கலாமோ?

பன்னிரண்டாவதில் சொன்ன வாடல் வந்த மண் என்றால் கூடாது. மற்றதைக் கொட்டி, வேரைப் பொறுக்கி, ஆவணி வெயிலில் ஈரமாக்கிப் பரப்பி, தெளிவான பொலித்தீனால் இறுக மூடி ஒரு மாதம் விடுங்கள், பூச்சி முட்டையும் களை விதையும் பெரும்பாலும் அவிந்துவிடும். பிறகு மூன்றில் ஒரு பங்கு புது எரு சேருங்கள். போன வருடம் தக்காளி நின்ற மண்ணுக்கு இந்த வருடம் கீரையோ பயற்றையோ.

17. கலியாணத்துக்குப் பத்து நாள் போறம், ஆள் இல்லை. பையைப் பாதி நிலத்தில தாட்டு வைச்சா என்ன? அப்ப அது பையோ பாத்தியோ?

தாராளமாகப் புதைத்து வையுங்கள். நிலத்துக்குள் இருக்கும் பாதி சூடேறாது, காய்வது பாதியாகக் குறையும். போகும் முன் காயையும் பெரிய பிஞ்சையும் பிடுங்கிவிடுங்கள், செடிக்குத் தாகம் குறையும். எல்லாவற்றையும் மரநிழலில் நெருக்கி வைத்து, நிறைய ஊற்றி, மேலே சருகு மூடுங்கள். பத்து நாள் ஆடியிலென்றால் பாதி தப்பும், மாசியிலென்றால் அனேகமாக எல்லாம்.

நான் இப்போது சில கத்தரிப் பைகளுக்கு அடியையே வெட்டிவிட்டுப் புதைக்கிறேன். மாரியில் மேல்பாதி வடிகிறது, கோடையில் வேர் கீழே நிலத்துக்குள் போகிறது. அதைப் பை என்று சொல்வதா பாத்தி என்று சொல்வதா என்று தெரியவில்லை, அதைப் பார்க்க வந்த ஒரு ஐயா "அடியில்லாத பானை" என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். காய் நன்றாகக் காய்க்கிறது.